சேனை அரித்த கதை

காலை எட்டரை மணி இருக்கும். ஸ்லோ குக்கரின் கண்ணாடி மூடியைப் போட்டுவிட்டு, குமிழைத் திருப்பக் கையை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து ஹாலில் ஃபோன் அடித்தது.

ஃபோன் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. பக்கத்து நாற்காலியில் என் மாமனார் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். எங்கள் வீட்டில் வேலை பார்த்த செல்வி, கையில் ஈரத் துணியோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். அது யாரிடமிருந்து வரும் ஃபோன் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டு நாளாக அதற்காகத்தான் காத்திருந்தாள்.

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியின் வார்டன் பேசினார். அங்கே சமையலுக்கு ஆள் தேவை. செல்வி நேரில் போய்க் கேட்டிருந்தாள். இப்போது எங்கே வேலை செய்கிறாய், அவர்கள் நம்பரைக் கொடு என்றதற்கு என் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

சம்பளத்துக்காக அவள் அந்த வேலைக்கு ஆசைப்படவில்லை. வேலையோடு ஓர் அறையும் உண்டு. அவளும் மகள் கவிதாவும் அதில் தங்கிக்கொள்ளலாம். கவிதா அப்போதுதான் நகரத்தில் நர்சிங் படிப்பில் சேர்ந்திருந்தாள். அம்மாவும் மகளும் மலையடிவாரத்து வித்துராவிலிருந்து விடிவதற்கு முன்பே பஸ் ஏறி, ஆளுக்கொரு பக்கம் ஓடி, இருட்டிய பிறகு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த அறை கிடைத்தால் இந்த அலைச்சல் தீரும்.

வார்டன் சுற்றி வளைக்காமல் மலையாளத்தில் கேட்டார்.

"சேச்சி, செல்வி அவிடெ குக்கிங் செய்யுந்நுண்டோ? நன்னாயிட்டு செய்யுமோ?"

நன்றாகச் சமைப்பாளா, அவ்வளவுதான் கேள்வி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்ல எனக்கு என்ன கேடு வந்தது என்று சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

சில வாரங்களுக்கு முன்னால் இந்த வார இதழில் இதே பக்கத்தில் என் ஸ்லோ குக்கர் பெருமையை அளந்தேன், நினைவிருக்கும். அப்போது இந்த ஃபோனைப் பற்றி மூச்சு விடவில்லை. செல்வி என்ற பெயரைக்கூட எழுதவில்லை. எழுதாமல் விட்டது மறதியால் அல்ல.

கரண்ட் சட்டி

முதலில் அந்தச் சட்டி வந்த கதை. என் மகன் விடுமுறையில் வந்தபோது பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தான். முட்டை வடிவத்தில் கறுப்புப் பீங்கான் சட்டி, அதைச் சுற்றி ஒரு உறை, முன்னால் ஒரே ஒரு குமிழ். "அம்மா, காலைல எல்லாத்தையும் போட்டு ஆன் பண்ணிட்டு ஆபீஸ் போ. சாயங்காலம் வந்தா டின்னர் ரெடி" என்றான். மறு வாரம் விமானம் ஏறிவிட்டான்.

என் கணவருக்கு எர்ணாகுளத்தில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு போவார். மற்ற நாட்களில் கோயிலைச் சுற்றிய கோட்டைக்குள் இருக்கும் எங்கள் வீட்டில் நானும் மாமனாரும்தான். அவரை நான் அப்பா என்றுதான் கூப்பிடுவேன். கோயில் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல் முழுவதும் போய்விட்டது. பல் செட்டைக் கட்டி வைத்தாலும் மாட்ட மாட்டார், அது ஒரு தனி ராமாயணம். ஆகவே எங்கள் வீட்டு இரவுச் சாப்பாடு வாயில் போட்டால் கரைய வேண்டும். நான் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, ஏழரைக்குள் அப்படி ஒன்றைச் செய்து முடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளும்.

முதல் வாரம் கரண்ட் சட்டி என்னைக் கவிழ்த்தது. சட்டிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அப்பா. கறுப்புக் கடலையும் பூசணிக்காயும் போட்டேன். பூசணி கூழாகிவிட்டது. கடலை அப்படியே இருந்தது. மேலே ஒரு குளம் தண்ணீர்.

"ஜயா, இது பல்லில்லாதவனுக்குப் பண்ணினதா, கல்லு உடைக்கறவனுக்குப் பண்ணினதா?" என்று அப்பா கேட்டார். கேட்டுவிட்டு மோரும் சாதமும் சாப்பிட்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் மிச்சத்தைக் கொட்டப்போன செல்வி, சட்டிக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"மாமி, இதுக்கு இத்தர வெள்ளம் எதுக்கு? ஆவி வெளிய போகவே இல்லையே. ஊத்துன வெள்ளம் ஊத்துன மாதிரி கிடக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மலையில நாங்க பின்ன எப்படிப் பொங்குனோம்? காலைல தணலத் தள்ளி வச்சு, மேல சட்டிய ஏத்தி, இறுக்கி மூடிட்டுக் கொழுந்தெடுக்கப் போயிருவோம். வந்து தொறந்தா வெந்திருக்கும். எங்கம்மா அப்படித்தான் செய்யும்."

செல்வி பிறந்தது மலைமேல் போனக்காட்டில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில். கல்யாணமாகி வித்துராவுக்கு இறங்கியவள். கணவன் இறந்த பிறகு நகரத்துக்கு வீட்டு வேலைக்கு வர ஆரம்பித்தாள். என் மகன் கடல் தாண்டிக் கொண்டுவந்த புதுமை அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். நான் விளக்கப் புத்தகத்தை மூன்று முறை படித்திருந்தேன். அவள் சட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

"கடினமானதெல்லாம் அடியில போடணும். எளசு மேல. உப்பு கடைசில. நடுவுல மூடியத் தொறந்து தொறந்து பாக்கக் கூடாது மாமி. ஒருவாட்டி தொறந்தா அரை மணிக்கூர் போச்சு."

அன்று அவள் சொன்னபடி போட்டோம். மாலையில் வந்து மூடியைத் திறந்தால், கடலை விரல் பட்டாலே நசுங்கியது. அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நெருப்பு இல்லாத அடுப்பு

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லும்போதே கூசுகிறது.

எங்கள் வீட்டில் வெளியாள் காய் நறுக்கலாம், தேங்காய் துருவலாம், அரிசி களையலாம். அடுப்பைத் தொடக் கூடாது. பச்சையாக இருக்கும்வரை யார் கை பட்டாலும் தோஷமில்லை. நெருப்பும் உப்பும் சேர்ந்துவிட்டால் அது சமையல், அதை வீட்டுப் பெண் குளித்துவிட்டுச் செய்ய வேண்டும். இந்தச் சட்டத்தை யாரும் சுவரில் எழுதி மாட்டவில்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே எனக்குப் புரிய வைத்துவிட்டார்கள். மாமியார் போன பிறகும் அது அப்படியே நின்றது. அப்பா முன்னால் அதை மாற்றிப் பேச எனக்குத் தைரியம் வந்ததில்லை.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. ஸ்லோ குக்கரில் ஏது நெருப்பு? சுவரில் ஒரு பிளக், சட்டியில் ஒரு குமிழ். செல்வி எல்லாவற்றையும் உள்ளே போடட்டும். அதுவரைக்கும் அது நறுக்கிய காய்தானே? குமிழைத் திருப்புவது நான். சமைப்பது மின்சாரம். ஆக, வழக்கத்துக்கும் பழுதில்லை, எனக்கும் காலையில் அரை மணி நேரம் மிச்சம்.

சிரிக்கிறீர்களா? நானும் என் சாமர்த்தியத்தை நினைத்து அன்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். செல்வியிடம் எப்படிச் சொன்னேன் தெரியுமா?

"செல்வி, நீ எல்லாத்தையும் போட்டுடு. ஸ்விட்ச் மட்டும் நான் போட்டுக்கறேன். பெரியவர் பழைய மனுஷர், தெரியுமோல்லியோ."

"அதுக்கென்ன மாமி" என்றாள்.

அப்படி நாலு வருடம் ஓடியது. நேந்திரங்காயும் சேனையும், பலாக்கொட்டையும் மாங்காயும், பயறும் பரங்கியும் என்று அவள் தினம் ஒன்று போடுவாள். காலையில் ஏழு மணிக்கு அவள் வரும்போது நான் குளியலறையில் இருப்பேன், இல்லையென்றால் பூஜை அலமாரி முன்னால் நிற்பேன். சமையலறைக்கு நான் வரும்போது சட்டி நிறைந்திருக்கும். குமிழைத் திருப்புவேன். மாலையில் வந்து, தேங்காயெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுவேன். என் பங்கு அவ்வளவுதான்.

பெயர் வாங்கியது

பெயர் வாங்குவது எவ்வளவு சுகமான விஷயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அலுவலகத்துக்கு டிபன் பாக்ஸில் கொஞ்சம் கொண்டு போனேன். அடுத்த வாரம் நாலு பேர் ஸ்பூனோடு என் மேசைக்கு வந்தார்கள். கரமனையிலிருந்து என் நாத்தனார் வந்து சேனை எரிசேரிக் கூட்டைச் சாப்பிட்டுவிட்டு, "மன்னி, உன் கைக்கு மோதிரம் போடணும்" என்றாள். இரவு தங்கியவள் மறுநாள் காலையிலும் அதையே சொல்லும்போது செல்வி பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் திறந்திருந்தது, ஆனாலும் காதில் விழாமல் இருந்திருக்காது. நான் நாத்தனாரிடம் மறுத்துப் பேசவில்லை. "நான் என்ன பண்ணினேன், எல்லாம் இந்தச் சட்டிதான்" என்றேன். அடக்கமான பேச்சாம் அது! சட்டிக்குக் கொடுத்த பங்கை அவளுக்குக் கொடுக்க வாய் வரவில்லை.

இத்தனைக்கும் இதே மாதிரி ஒரு வயிற்றெரிச்சலை நானே பட்டவள். என் அலுவலக நாட்களைப் பற்றி எழுதிய அத்தியாயத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன். ஸ்டாச்சூ சந்திப்பிலுள்ள அரசு அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு கோப்புக்கும் ராத்திரி பகலாகக் குறிப்பு எழுதுவேன். மேலதிகாரி கீழே கையெழுத்து மட்டும் போட்டு உள்ளே கொண்டுபோய் சபாஷ் வாங்கி வருவார். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதிருக்கிறேன். அவர் போட்ட கையெழுத்துக்கும் நான் திருப்பிய குமிழுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நாலு வருடத்தில் ஒருநாள்கூட எனக்கு அது உறைக்கவில்லை.

ஃபோனில் சொன்னது

இப்போது மறுபடியும் அந்தக் காலைக்கு வருகிறேன்.

வார்டன் கேட்டு முடித்துவிட்டார். அப்பா செய்தித்தாளைக் கொஞ்சம் கீழே இறக்கினார். எங்கள் ஃபோனில் எதிர்முனைக் குரல் அறை முழுக்கக் கேட்கும். ஆமாம், செல்வி சமைப்பாள் என்றால், எங்கே சமைத்தாள், யாருக்குச் சமைத்தாள், நாலு வருடமாக நான் சாப்பிட்டது யார் கைச் சமையல் என்று அப்பா கேட்பார். பதில் சொல்ல வேண்டும்.

"குக்கிங் எல்லாம் ஞான் தன்னே" என்றேன். "செல்வி காய் நறுக்கும், பாத்திரம் கழுகும். நல்ல குட்டியாணு கேட்டோ, நேரத்தினு வரும்."

சமையலெல்லாம் நானேதான்; அவள் காய் நறுக்குவாள், பாத்திரம் கழுவுவாள், நல்ல பெண், நேரத்துக்கு வருவாள். கழுத்தை அறுத்துவிட்டு நெற்றியில் சந்தனம் வைத்தேன்.

"ஓ, அப்போ குக்கிங் அறியில்லா, அல்லே?" என்றார் வார்டன். அவளுக்குச் சமைக்கத் தெரியாது என்று முடிவு கட்டி, நன்றி சொல்லி வைத்துவிட்டார். மொத்தமாக ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

நான் சமையலறைக்குள் போனேன். செல்விக்கு வழிவிடத் தோன்றவில்லை, அவளே ஒதுங்கி வழிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், எதையாவது செய்ய வேண்டுமே என்று தேநீர் டம்ளரை எடுத்துக் கழுவினேன்.

"மாமி, ஸ்விட்ச் போடல" என்றாள்.

குமிழைத் திருப்பினேன். அவள் மேசையைத் துடைக்கப் போய்விட்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை. அலுவலகம் போகும் வழியில் பழவங்காடிக் கணபதிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போவது என் வழக்கம். அன்று எதிர்ப்பக்க நடைபாதையில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போய் பஸ் ஏறினேன். கோயில் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

அதற்குப் பிறகும் செல்வி பன்னிரண்டு நாள் வந்தாள். ஒருநாள்கூடச் சட்டி நிறையாமல் இருந்ததில்லை. உப்பைக் கூட்டிப் போட்டு என்னைப் பழி வாங்கியிருக்கலாம். அதைக்கூட அவள் செய்யவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில், "பஸ்ஸு ஒத்து வரல மாமி. நாளைல இருந்து நான் வரல" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

அப்பாவுக்குத் தெரியும்

அடுத்த வாரம் முழுக்க நானே நறுக்கி, நானே போட்டு, நானே குமிழைத் திருப்பினேன். அவள் செய்ததைத்தானே பார்த்திருக்கிறோம் என்று நினைத்தேன். எங்கே பார்த்தேன்? அவள் செய்யும்போதெல்லாம் நான் குளியலறையில் இருந்தேன்.

நாலாம் நாள் அப்பா தட்டைத் தள்ளி வைத்தார்.

"அந்தப் பொண்ணு இனிமே வர மாட்டாளா?"

"பஸ் சரிப்படலையாம்பா. வேற ஆள் பார்த்துண்டிருக்கேன், வெயிட் பண்ணுங்கோ. பாத்திரம் கழுவ யாராவது கிடைப்பா."

"பாத்திரத்தை யார் வேணா கழுவலாம். சமையலுக்கு என்ன பண்ணப் போறே?"

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"என்ன முழிக்கறே? நீ ஒன்பது மணிக்குப் படி இறங்கிப் போயிடுவே. அவ பத்துக்கு அடுத்த வீட்டுக்குப் போயிட்டு, நாலு மணிக்கு மறுபடியும் இங்க எட்டிப் பார்த்துட்டுத்தான் பஸ் ஏறுவா. உப்பு போடறதும், ருசி பார்க்கறதும், அடியில இருக்கறதை மேல கிளறி விடறதும் எல்லாம் நீ போனப்பறம்தானே? நான் என்ன குருடா? நாளைக்குச் சேனை போடு, நாளன்னிக்குப் பலாக்கொட்டை போடுன்னு அவகிட்ட சொல்லிண்டிருந்ததே நான்தான்."

"அப்பா… நீங்க ஒண்ணுமே சொல்லலையே."

"நீ மறைக்கறே. நான் சொன்னா உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு விட்டுட்டேன்." மோர் டம்ளரைப் பக்கத்தில் இழுத்தார். "அன்னிக்கு ஃபோன்ல நீ சொன்னப்போ நானும் இங்கதான் உக்காந்திருந்தேன். ஜயா பொய் சொல்றா, அந்தப் பொண்ணுதான் சமைக்கறான்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுண்டேன்."

சொல்லிவிட்டு மோரை மட்டும் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தார். அவருக்காகப் பொய் சொன்னேன் என்று அதுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அதற்குமேல் அவருக்குப் பிடித்தும் இருந்தது. அப்படியானால் அந்தப் பொய் யாருக்காக? நாத்தனார் போடுவதாகச் சொன்ன மோதிரத்துக்காக. நாலு பேர் ஸ்பூனோடு வந்து நின்ற அந்த மேசைக்காக. எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

மறுநாள் வார்டனைக் கூப்பிட்டேன். அந்த வேலைக்கு ஆள் எடுத்து ஒரு வாரம் ஆகிவிட்டது. "சேச்சி தன்னே அல்லே அன்னு பறஞ்ஞது?" என்றார். நீங்கள்தானே அன்று சொன்னீர்கள் என்றதும் ஃபோனை வைத்துவிட்டேன். செல்வியின் நம்பருக்கு ஒருமுறை அடித்தேன். எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. இரண்டாம் முறை அடிக்கவில்லை.

ஒரு வாசகியின் கடிதம்

இதோடு விட்டிருந்தாலும் ஒரு மாதிரி. நான் விடவில்லை. ஒன்றரை வருடம் கழித்து இந்தத் தொடரில் சமையலறை அத்தியாயம் எழுத உட்கார்ந்தபோது, கை தானாக "நான்" என்று எழுதிக்கொண்டே போனது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்லோ குக்கர் ஒரு வரம் என்று எழுதினேன். என் சேனை எரிசேரியின் செய்முறையையும் கட்டம் போட்டுக் கொடுத்தேன். நிறையப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அவற்றைப் படித்துச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பிறகு தென்காசியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "அம்மா, நீங்கள் எழுதியபடியே செய்தேன். நன்றாக வெந்தது. ஆனால் வீட்டில் ஐந்து பேருக்கும் தொண்டை அரித்து விட்டது. மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் எங்கே தவறு செய்தேன்?"

கடிதத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். சேனை அரிக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் நாலு வருடம் எங்கள் வீட்டுச் சேனை அரித்ததே இல்லை. ஏன் அரிக்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஒரு தவறும் செய்யவில்லை, எனக்குத் தெரியாததை நான் எழுதிவிட்டேன் என்று அவருக்கு எப்படிப் பதில் போடுவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வித்துரா பஸ் ஏறினேன்.

வித்துரா

செல்வி முன்பு சொன்ன அடையாளங்களை வைத்து விசாரித்ததில், சந்தைப் பக்கம் ஒரு சின்ன ஹோட்டலில் இருக்கிறாள் என்றார்கள். பொன்முடி மலைக்குப் போகிற கார்கள் நின்று சாப்பிட்டுவிட்டுப் போகும் இடம். பின்பக்கமாகப் போனேன். தரையில் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து, ஒரு மலை அளவு முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"மாமி! நீங்களா? பெரியவர் நல்லா இருக்காரா?" என்று எழுந்தாள். முதல் கேள்வி அவரைப் பற்றித்தான்.

இருக்கிறார் என்றேன். கவிதா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். படிக்கிறாள், சிட்டியில் கூடப் படிக்கும் பெண்கள் மூன்று பேரோடு ஒரு அறையில் இருக்கிறாள், பஸ்ஸில் போய்வந்து உடம்புக்கு முடியாமல் போனதால் அப்படிச் செய்ததாகச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமைதான் வருவா. இந்த வாரம் பரீட்சை, வரல" என்றாள். அந்த விடுதி அறை கிடைத்திருந்தால் மகள் தினமும் அவள் பக்கத்தில் படுத்திருப்பாள். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"இங்க சமையலா?" என்று கேட்டேன். முட்டைக்கோஸைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டேன், பாருங்கள்.

"இல்ல மாமி, நறுக்குறதுதான். முதலாளி கேட்டாரு, முன்ன எங்க வேலை பாத்தே, என்ன வேலைன்னு. கோட்டைக்குள்ள ஒரு மாமி வீட்டுல, காய் நறுக்குற வேலைன்னு சொன்னேன். அவரு உங்களுக்கு ஃபோன் போட்டாலும் நீங்க அதத்தான சொல்லுவீங்க?"

அவள் குத்திப் பேசவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் அங்கே கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன். செல்வி, நான் செய்தது பெரிய தப்பு என்று ஆரம்பித்தேன். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டேன். அவள் பதறிப்போய் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். அவள் கையால் வாங்கிக் குடித்தது அதுதான் முதல் தடவை என்று குடித்து முடித்த பிறகு நினைவு வந்தது.

"நீங்க புஸ்தகத்துல எழுதுனத நான் படிச்சேன் மாமி" என்றாள். "யாரோ கஸ்டமர் மறந்து வச்சிட்டுப் போனது. நான் மலையில தமிழ் ஸ்கூல்ல அஞ்சு வரைக்கும் படிச்சிருக்கேன்லா. கவிதாவுக்கு மலையாளம்தான், அவளுக்கு நான் ஃபோன்ல படிச்சுக் காட்டினேன்."

காலி டம்ளரை வாளிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"நல்லா எழுதிருக்கீங்க. ஆனா புளி வெள்ளத்த விட்டுட்டீங்களே மாமி. சேனைய நறுக்கினதும் புளி வெள்ளத்துல அரை மணிக்கூர் கிடக்கணும். பின்ன அந்த வெள்ளத்தக் கொட்டிட்டுத்தான் சட்டியில போடணும். இல்லாட்டி ஜனங்களுக்குத் தொண்டை அரிக்கும்லா. ரெண்டு நாளா எனக்கு அதே ஓர்மதான், அதே நெனப்புதான்."

"அப்ப ஏன் எனக்கு ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லலை?"

செல்வி லேசாகச் சிரித்தாள். "காய் நறுக்குறவ எப்படி மாமி உங்களுக்குச் சமையல் சொல்லித் தர்றது?"

கைப்பையில் ஒரு காகிதம் எழுதி வைத்திருந்தேன். என் வீட்டில் நாலு வருடம் சமைத்தவள் இவள் என்று, கையெழுத்தும் தேதியும் போட்டு. அதை எடுத்து நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இத இங்க எங்க வச்சாலும் நனஞ்சு போயிரும் மாமி. அந்தப் புஸ்தகத்துலயே எழுதிருங்க. முதலாளி நாகர்கோவில்காரரு, வாரா வாரம் வாங்குறாரு. படிப்பாரு."

அதனால் எழுதுகிறேன்.

தென்காசி சகோதரி அவர்களுக்கு: நறுக்கிய சேனையைப் புளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சட்டியில் போடவும். தவறு உங்களுடையது அல்ல. இந்தப் பக்கத்தை உங்கள் மாமியாரிடம் காட்டவும்.

அந்த அத்தியாயத்தை எடுத்து வைத்திருப்பவர்கள், அதில் நான் போட்டேன், நான் பார்த்தேன், நான் கண்டுபிடித்தேன் என்று வருகிற இடத்திலெல்லாம் செல்வி என்று மாற்றிக்கொள்ளுங்கள். குமிழைத் திருப்பினேன் என்று ஓரிடத்தில் வருகிறது. அது மட்டும் நான்.

வித்துராவில் ஹோட்டல் நடத்தும் ஐயா, நீங்கள் எனக்கு ஃபோன் செய்யவில்லை. வேறொருவர் செய்தார். அவர் கேட்ட கேள்விக்கு உங்களிடம் பதில் சொல்கிறேன். உங்கள் கடையின் பின்பக்கம் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறாளே, அந்தச் செல்வி என் வீட்டில் நாலு வருடம் சமைத்தாள்.

ஆமாம், நன்றாகச் சமைப்பாள்.